கண்ணைக் காக்க ஒரு மாத்திரை

சர்க்கரை நோய் நீண்ட நாள் நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கலாம். கசிந்த நீர் விழித்திரையின் மையத்தில் தேங்கினால் அங்கே வீக்கம் வரும். எழுத்து கலங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். இதற்கு லேசர் உண்டு, கண்ணுக்குள் போடும் ஊசியும் உண்டு. கண்ணில் ஊசியா என்று பயந்தே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாயால் சாப்பிடும் மருந்து கிடையாதா? ஃபெனோஃபைப்ரேட் என்று ஒரு பழைய மாத்திரை. இரத்தக் கொழுப்பைக் குறைக்க வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்து நாடுகளில் ஏறத்தாழ 9,800 சர்க்கரை நோயாளிகளிடம், முக்கியமாக இதயத்துக்காக, இதைச் சோதித்தார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கண் லேசர் தேவைப்படுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது! கொழுப்பின் அளவுக்கும் இந்தப் பலனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்பது இன்னும் வியப்பு. 2024-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வும், இந்த மாத்திரையால் விழித்திரையின் தொடக்கநிலைப் பாதிப்பு முற்றுவது 27 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது.

ஆனால் ஏற்கெனவே வீங்கிய விழித்திரைக்கு இது ஊசியின் இடத்தைப் பிடிக்காது. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு ஆகாது. நீங்களாகக் கடையில் வாங்கிவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்போது இந்த மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.