வெளிநாட்டில் வேளாண்மைக் கல்வி: கட்டணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டுமே உதவி கேட்டு வந்த நம் அலுவலகத்திற்கு, சில ஆண்டுகளாக வேளாண்மை படிக்கவும் விண்ணப்பங்கள் வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ். மரம் நடுவதையும் விதைப்பதையும் தர்மக் கணக்கில் சேர்க்கும் மார்க்கம் நம்முடையது. 12ஆம் நூற்றாண்டில் செவில்லி நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், மண், உரம், ஒட்டுக்கட்டுதல், கால்நடை என்று வேளாண்மைக்கே ஒரு பெரும் நூல் எழுதியவர். ஆகவே இது நமக்கு அந்நியமான துறை அல்ல.

ஆர்வம் இருக்கிறது, கணக்குதான் பல வீடுகளில் தெரிவதில்லை. ஒரு மாணவர் இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு, வெளிநாட்டில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பிப் போனார். தாயாரின் நகையை விற்ற பணம். அங்கே போனபின் ஓர் ஆண்டுப் பாடம்கூட முழுதாக ஏற்கப்படவில்லை. பிள்ளை நன்றாகப் படித்தவர்தான். கையில் மதிப்பெண் பட்டியல் இருந்தது, பாடத்திட்டம் இல்லை. அவர் என்ன படித்தார் என்பதை அந்தப் பல்கலைக்கழகம் எதை வைத்து அறியும்?

முதலில் கிரெடிட் என்றால் என்னவென்று பார்ப்போம். நம் வேளாண் கல்லூரிகளில் ஒரு பாடத்தின் பக்கத்தில் 2+1 என்று எழுதியிருக்கும். இரண்டு கிரெடிட் வகுப்பு, ஒரு கிரெடிட் செய்முறை. ஐரோப்பாவில் அளவு வேறு. ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மலேசியாவில் ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட். அங்கே 3 கிரெடிட் உள்ள பாடம் ஐரோப்பாவில் ஏறக்குறைய 6 ஆகும். எனவே எண்ணை எண்ணோடு ஒப்பிட்டு, “நம்மிடம் அதிகம் இருக்கிறது” என்று யாரும் மகிழ்ந்துவிடக் கூடாது.

கிரெடிட் மாற்றத்தில் பார்க்கப்படுவது பாடத்தின் உள்ளடக்கம். மலேசியாவில் பாடம் 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும், குறைந்தது சி கிரேடு இருக்க வேண்டும் என்பது விதி. 1931இல் செர்டாங்கில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் இடத்தை நம் பிள்ளைகள் பலர் விரும்புகிறார்கள். அங்கே விண்ணப்பிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். அமெரிக்காவிலும் பொதுவாக சி கிரேடுக்குக் குறைந்த பாடம் ஏற்கப்படாது. ஏற்கப்பட்ட பாடத்துக்கும் கிரெடிட் மட்டும் வரும்; மதிப்பெண் சராசரி புதிதாகத்தான் தொடங்கும்.

ஆகவே இங்கிருந்து புறப்படும் முன், படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு மணி, செய்முறை மணி இரண்டும் அதில் தெளிவாக இருக்கட்டும். கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு செய்யும் ஊரகப் பணி அனுபவப் பயிற்சிக்குத் தனியாக ஒரு விளக்கக் கடிதம் வாங்குங்கள். வெளிநாட்டார் பலருக்கு அந்தப் பயிற்சியின் பெயரே புரியாது. எத்தனை கிரெடிட் ஏற்கிறோம் என்பதைப் பல்கலைக்கழகமே எழுத்தில் தர வேண்டும். ஏஜெண்டின் வாட்ஸ்அப் செய்தி அதற்கு ஈடாகாது.

முதுநிலை படிக்கப் போவோருக்கு இன்னொரு செய்தி. இளநிலைப் பட்டத்துக்குக் கணக்கான கிரெடிட்டை முதுநிலையில் மறுபடி கணக்கில் காட்ட முடியாது என்பதே பொது நடைமுறை. இளநிலைப் பாடங்கள் அங்கே தகுதி பார்க்கத்தான் பயன்படும். புள்ளியியல், வேதியியல், மண்ணியல் போதுமா என்று பார்ப்பார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் முதுநிலை 120 கிரெடிட். இரண்டு ஆண்டு முழுதாகப் படித்தே ஆக வேண்டும். செலவுக் கணக்கையும் இரண்டு ஆண்டுக்கே போடுங்கள்.

ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்ற பேச்சும் முழு உண்மை அல்ல. 1816-17 பஞ்சத்துக்குப் பின் 1818இல் தொடங்கப்பட்ட ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகம் வேளாண்மைக்குப் பெயர் பெற்றது. அது இருக்கும் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் ஏ.பி.எஸ். சான்றும் பெற வேண்டும். டி.ஏ.ஏ.டி. உதவித்தொகையில் வளரும் நாட்டினருக்கான பிரிவு ஒன்று உண்டு. அதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். பட்டம் வாங்கிய கையோடு அதை நம்பியிருக்க வேண்டாம்.

பாடத் தேர்வில் நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கால்நடைப் பிரிவில் பன்றி வளர்ப்பும், தோட்டக்கலையில் திராட்சை மது தயாரிப்பும் சில இடங்களில் பாடமாக இருக்கும். அது கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்பதைச் சேர்வதற்கு முன்பே பாட ஏட்டில் பாருங்கள். விருப்பப் பாடமானால் நீர் மேலாண்மை, விதைத் தொழில்நுட்பம் என்று வேறு எடுத்துக்கொள்ளலாம். கட்டாயமானால், நோயைப் பற்றிப் படிப்பது எதுவரை, கையால் செய்வதும் சுவைப்பதும் எங்கே தொடங்குகிறது என்று ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். பாதிச் செமஸ்டரில் பாடத்தைக் கைவிட்டால் கிரெடிட் குறையும். கிரெடிட் குறைந்தால் சில நாடுகளில் விசாவுக்கே ஆபத்து.

திரும்பி வருவதையும் யோசியுங்கள். இங்கே அரசுப் பணிக்கோ ஆராய்ச்சிப் படிப்புக்கோ போக, வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று தேவைப்படும். 2025இல் யு.ஜி.சி. இதற்கென ஒழுங்குமுறை வெளியிட்டிருக்கிறது. அந்த நிறுவனம் தன் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா, சேர்க்கைத் தகுதி நம் நாட்டுக்கு ஒத்ததா என்று பார்க்கப்படும். “பிளஸ் டூ இல்லாமலே பட்டம்” என்ற விளம்பரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ளுங்கள்.

வட்டிக்கு வாங்காமல் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அறக்கட்டளை கர்ழ் ஹஸனா தருகிறது. அது பலருடைய அமானிதம். எனவே பாடத்திட்ட நகல், கிரெடிட் ஏற்புக் கடிதம், கட்டாயப் பாடப் பட்டியல் ஆகிய மூன்றும் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். முன்பணம் கட்டிய ரசீதோடு வராதீர்கள். கட்டுவதற்கு முன்பே வாருங்கள். காகிதங்களைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.