இருபத்தாறாம் தேதியும் கிறிஸ்துமஸ்தான்

டிசம்பர் பிறந்துவிட்டால், சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வேலைக்குப் பஞ்சமில்லை. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், வாசலில் ஸ்டார் கட்ட வேண்டும், தைக்கக் கொடுத்த துணிக்காகத் தையல்காரர் கடைக்கு நடையாய் நடக்க வேண்டும், சித்தூர்ப் புதுவெல்லம் வாங்கி அதிரசத்துக்குப் பாகு காய்ச்ச வேண்டும். இதற்கு நடுவே கேரல் ரவுண்ட்ஸ், ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் நாடகம். கடைசியில் 25ஆம் தேதி விடியற்கால ஆராதனையில், அடுப்படியிலிருந்து நேரே வந்த பெண்களுக்குக் கண் செருகுகிறது. ஆடம்பரத்தைக் குறையுங்கள் என்று ஆண்டுதோறும் பிரசங்கம் கேட்கிறோம். யாரும் குறைத்ததாகத் தெரியவில்லை. வேலையின் அளவைவிட, அத்தனை வேலையையும் ஒரே நாளுக்கு முன்னால் திணித்துவிட்டதுதான் நம்மை அலைக்கழிக்கிறது என்பது என் கருத்து.

திருச்சபையின் பழைய நாட்காட்டி இப்படித் திணிக்கவில்லை. டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கப்பட்டிருப்பதை 354ஆம் ஆண்டு ரோமாபுரியில் தொகுத்த ஏடு ஒன்றில் காண்கிறோம். அடுத்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் அந்த நாளுக்கு முன்னால் ஒரு நோன்புக் காலம் வளர்ந்தது. இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியில் ஆறாம் நூற்றாண்டிலேயே, நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள். அதன் தொடர்ச்சிதான் நாம் இன்று அனுசரிக்கும் நான்கு அட்வெந்து ஞாயிறுகள். கொண்டாட்டமோ 25ஆம் தேதி தொடங்கி, ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள் நடந்தது. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். டிசம்பர் முதல் வாரமே பள்ளியிலும் அலுவலகத்திலும் கேக் வெட்டியாகிவிடுகிறது. 26ஆம் தேதி காலையில் திருநாளே முடிந்துபோன களைப்பு. அடக்கமான ஒரு மாதம், பிறகு திருநாள் என்கிற ஒழுங்கு நம் மண்ணுக்குப் புதிதா என்ன? பக்கத்து வீட்டார் மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை. திருமலையில் அந்த மாதம் முழுக்க சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது. சங்கராந்தி அதன் பின்னால்தான்.

அட்வெந்து வேதத்தில் இல்லையே என்று சில சபையார் கேட்பார்கள். இல்லைதான், டிசம்பர் 25உம் வேதத்தில் இல்லை. தேதியை ஏற்றுக்கொண்டவர்கள் அதற்கு முன்னால் வளர்ந்த அமைதியை மட்டும் தள்ளிவிடுவதற்குக் காரணம் வேண்டும். இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே புதுத்துணி காணும் கூலிக்காரக் குடும்பத்திடம் போய் எளிமையைப் பற்றிப் பேசலாமா? பேசக் கூடாது. ஊரார் முன் தலைநிமிர்ந்து நடக்க ஒரு புதுச்சட்டை தேவைப்பட்டவர்களுக்கு அது ஆடம்பரமே ஆகாது. துணி எடுக்கட்டும், பலகாரமும் சுடட்டும். வேலை செய்வதே குற்றமல்ல என்பதற்கு மார்த்தாளை நினைத்துப் பாருங்கள். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் பல வேலைகளால் மனம் கலங்கி, சகோதரி உதவவில்லை என்று அவள் முறையிடுகிறாள். இயேசு அவளைக் கடிந்துகொள்கிறார். யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்திலும் மார்த்தாள் பணிவிடைதான் செய்கிறாள். அங்கே அவளுடைய முறையீடும் இல்லை, அவளுக்குக் கண்டிப்பும் இல்லை. பந்தி பரிமாறியது குற்றமென்றால் இரண்டாம் முறையும் பேச்சு வாங்கியிருப்பாள். பிரசங்கங்களில் இந்த இரண்டாம் மார்த்தாளைப் பற்றி அதிகம் கேட்டதில்லை.

ஆகவே செய்யக்கூடியது இதுதான். உறவினர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவதையும் விருந்துக்கு அழைப்பதையும் 26ஆம் தேதிக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். வேலூர்ப் பக்கத்து உறவினருக்கு அது அரையாண்டு விடுமுறைக் காலம். வர வசதியாகவும் இருக்கும். கேரல் ரவுண்ட்ஸையும் அப்படியே பின்னால் தள்ளலாம். தள்ளினால் காணிக்கை குறையும் என்று சபைக் கமிட்டியார் அஞ்சக்கூடும். நள்ளிரவில் கதவு தட்டி எழுப்பாமல் மாலையில் வருகிறவர்களுக்கு மக்கள் தாராளமாகவே கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆண்கள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி: முறுக்குப் பிழியும் வேலையில் பாதியை 23ஆம் தேதியே அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு எந்தச் சபையின் அனுமதியும் வேண்டாம்.