கடையும் கைப்பணமும்

கொழும்பு மாநகரிலே காலையில் உலையேறும் அரிசி முதல் மாலைத் தேநீரிற் கரையும் சீனி வரை யாவும் கடையிலிருந்தே வீட்டுக்கு வருதல் வேண்டும். ஆதலால், எந்தக் கடைக்குச் செல்வது என்பது நகரவாசிக்கு நாள்தோறும் எழும் வினாவாகும். விலை எங்கே குறைவோ அங்கே மக்கள் செல்வர் என்பது எளிதிற் கூறக்கூடிய விடை. ஆனால், ஒரே ஒழுங்கையில் வாழும் மூன்று குடும்பங்கள் மூன்று வேறு கடைகளுக்குச் செல்வதை நோக்குமிடத்து, அவ்விடை போதாதென்பது புலனாகும்.

இவ்வாறு தேர்ந்து வாங்கும் வாய்ப்பு எக்காலத்திலும் முழுமையாக இருந்ததன்று. 1942 ஆம் ஆண்டு, போர்க்காலத்திலே, அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் எந்தக் கடையிலே பதியப்பெற்றதோ, பங்கீட்டரிசிக்கு அதுவே குடும்பத்தின் கடையாயிற்று. 1953 ஆம் ஆண்டு அந்த அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஹர்த்தால் மூண்டது. அதனையடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1979 ஆம் ஆண்டிலே பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. 1983 ஆம் ஆண்டிலே கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் தனது முதலாவது பூட் சிற்றி பேரங்காடியைத் திறந்தது. கூப்பனுக்குக் கட்டுப்பட்டிருந்த நகரவாசிக்கு இவ்வாறு பல வாயில்கள் திறந்தன.

அவற்றுள் பழையது புறக்கோட்டை. நான்காம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகத் தெருவிலும் அரிசியும் பருப்பும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. மொத்தமாக வாங்குவோர்க்கு அங்கே விலை நயமானது. ஆயினும், அந்த நயத்தைப் பெறுவதற்கு ஒரு மாதச் சாமானுக்குரிய பணம் ஒரே நாளிற் கையில் இருத்தல் வேண்டும். அரைநாட் பொழுது வேண்டும். முச்சக்கர வண்டிக் கூலியும் வேண்டும்.

பேரங்காடியிலோ விலை எழுதப்பட்டிருக்கின்றது. யாரையும் கேளாமல் எடுத்துப் பார்க்கலாம், வேண்டாவிடின் வைத்துவிடலாம். வேலை முடிந்து இரவு வீடு திரும்புவோர்க்கு இது பெரும் வசதி. எனினும், அங்கே பேரம் இல்லை. கடனட்டை உடையோர்க்கன்றிப் பிறர்க்குக் கடனும் இல்லை. சதொசவிலே சில பண்டங்கள் அரசாங்கம் நிர்ணயித்த விலையிற் கிடைப்பதுண்டு. அவை வந்துள்ளன என்று கேள்விப்பட்டதும் மக்கள் அங்கே வரிசையில் நிற்பர்.

நாவின் சுவைக்கும் இதிலே பங்குண்டு. யாழ்ப்பாணத்து முறையில் வறுத்திடித்த மிளகாய்த்தூளும், ஒடியல் மாவும், பனங்கட்டியும் வேண்டுவோர் வெள்ளவத்தைக் கடைகளை நாடிச் செல்கின்றனர். தம் மொழியிலேயே கேட்டு வாங்கலாம் என்ற ஆறுதலும் அவர்களை அங்கே இழுக்கின்றது.

இவை யாவற்றினும் சிறியது ஒழுங்கை முனையிலுள்ள சில்லறைக் கடை. நாட்கூலி பெறுவோரின் கடை பெரும்பாலும் இதுவே. ஒரு கிலோ பருப்பை ஒரே முறையில் வாங்குபவரும், 100 கிராமாகப் பத்து முறை வாங்குபவரும் பெறுவது ஒரே அளவு. ஆனால், கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஒரே அளவன்று. கையிற் பணம் குறைந்தவரே கூடிய விலை கொடுக்க நேர்கின்றது. இதனை அறியாமை என்று இகழ்தல் தவறு. இன்றைய கூலி இன்றைய உலைக்கே போதுமானவராயின், நாளைய பருப்பை இன்று வாங்குவது எங்ஙனம்?

அன்றியும், அச்சிறு கடையில் ஒரு கொப்பி உண்டு. வேலையில்லாத நாளிலும் குழந்தையின் பால்மா அந்தக் கொப்பியின் வழியாக வீடு வந்து சேரும். கூடுதலாகக் கொடுக்கும் சில ரூபாய்கள் அந்த நம்பிக்கைக்குரிய விலையெனவே கொள்ளத்தக்கவை. ஆனால், அந்நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலத்தில், பழைய விலைக்குக் கடன் கொடுத்த கடைக்காரர், திரும்பிவரும் பணத்தைக் கொண்டு அதே அளவு சாமானை மீண்டும் கொள்வனவு செய்ய இயலாது. கொப்பி மூடப்படுமாயின் முதலில் அணைவது ஏழையின் அடுப்பே.

ஆகவே, கடையைத் தீர்மானிப்பது விலை மாத்திரமன்று. பணம் எப்போது கைக்கு வருகின்றது என்பதுமாகும். இதனை உணர்ந்தால், சில சிறு வழிகள் புலப்படும். நாலைந்து வீட்டார் பணம் சேர்த்து, ஒருவரைப் புறக்கோட்டைக்கு அனுப்பி, மூட்டையையும் வண்டிக் கூலியையும் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டுறவு இயக்கத்தின் அடிப்படையும் இதுவேயன்றோ? கடனுக்கு வாங்குவோர் கடைக்காரரின் கொப்பியோடு தம் கொப்பியிலும் அன்றன்றே எழுதிவைப்பாராயின், மாத முடிவில் மனத்தாங்கல் நேராது. பொதியில் அச்சிட்ட விலையையும் நிறையையும் பார்த்து வாங்குதல் யாவர்க்கும் நன்று.

வசதியுள்ளோர் மாதமொருமுறை புறக்கோட்டைக்கோ பேரங்காடிக்கோ செல்லட்டும். ஆயினும், தேங்காயையும் தீப்பெட்டியையுமாவது ஒழுங்கைக் கடையில் வாங்குவாராயின், அயல்வீட்டாரின் கொப்பி திறந்திருப்பதற்கு அவர்களும் துணைசெய்தவராவர்.