ஒரே ஆலை, பல வேலைகள்

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரிலுள்ள சேர்ஹோல் ஆலையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கோல் ஆற்று நீரில் சக்கரம் சுழன்று மாவு அரைத்த கிராமத்து ஆலை அது. 1750களின் பிற்பகுதியில் தொழிலதிபர் மேத்யூ போல்ட்டன் அதைக் குத்தகைக்கு எடுத்து, நீர்விசையால் பித்தான்களுக்கான உலோகத் தகடு தயாரித்தார். பின்பு கத்திகளும் அங்கே சாணை பிடிக்கப்பட்டன. 1919-இல் அரைவை நின்றது, கட்டடம் பாழடைந்தது. இடிபடாமல் காத்தது அக்கம்பக்கத்து மக்களின் முயற்சி. சிறுவயதில் அதனருகே வசித்த எழுத்தாளர் டோல்கீனும் நிதி கொடுத்தார். 1969-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இப்போது மறுபடி மாவும் அரைக்கிறார்கள்.

நம் பகுதியிலும் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கப் பேச்சு வந்தால், "வேறு எதற்காவது உதவுமா?" என்று சங்கக் கூட்டத்தில் நீங்கள் முதலில் கேளுங்கள்.