திருவாபரணமும் பயிலும் கையும்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இந்நன்னாளில் கோபுரத்தின் சிறப்பைப் பேச வல்லார் பலர் இம்மேடையில் உள்ளனர். திருமுறையின் பெருமையைப் பேச வல்லார் அதனினும் பலர். அடியேனுக்குப் பணிக்கப்பட்ட பொருளோ, அம்பாளின் திருமேனியில் இன்று புதிதாகச் சாத்தப்பெற்றுள்ள வெள்ளிக் கவசம். அதன் எடையையும், அதனை ஈந்தோர் பெயரையும் கல்வெட்டிலும் இம்மலரிலும் காண்பீர்கள். ஆதலின் அவற்றை விடுத்து, அதனைத் தட்டிய கையைப் பற்றியும், அக்கை எவ்வாறு பழகிற்று என்பது பற்றியும் சில சொல்ல விழைகின்றேன். கற்றுத் துறைபோகியவன் என்ற முறையில் அன்று. ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், காரைக்குடியில் ஒரு பத்தரின் பட்டறையில் ஓராண்டு மாணாக்கனாக அமர்ந்தவன் என்ற முறையில்தான்.

இறைவனுக்கு அணி செய்வித்த பழங்கதையைச் சொல்லும்போது தஞ்சைப் பெரிய கோயிலை விட்டு எவரும் தொடங்க இயலாது. 1010-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கல்வெட்டுகள், முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்களை ஒவ்வொன்றாக எண்ணி உரைக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். எடைக்கல்லுக்கும் ஆண்டவன் திருநாமத்தை இட்ட நாடு இது! மாலையில் உள்ள முத்து எத்தனை, அவற்றுள் வட்டமானவை எத்தனை என்று கூறுவதோடு, கோத்த நூலும் அடியில் வைத்த அரக்கும் சேர்ந்த நிறை இவ்வளவு என்றும் பொறித்து வைத்தனர். அதனினும் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அக்கோயிற் பணியாளர் வரிசையிலே மணி கோக்கும் இரத்தினத் தையானும் கன்னானும் இடம்பெற்றிருக்கின்றனர். அணியை மட்டுமன்றி அதனைச் செய்து பேணும் கையையும் அன்றைய கோயில் தாங்கி நின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நமக்கு அண்மையிலும் ஒரு தலம் உண்டு. நகரத்தார் கோயில்கள் ஒன்பதனுள் ஒன்றாகிய மாத்தூரில் எழுந்தருளியுள்ள பெருமானுக்கு ஐந்நூற்றீசர் என்பது திருப்பெயர். கொங்கணச் சித்தர் இரசவாதத்தால் பொன் செய்ய முயன்று, இங்கே ஐந்நூறு மாற்றுப் பொன் பெற்றார் என்று தலவரலாறு கூறும். பத்தரை மாற்றே உச்சமென்று கொள்ளும் உலகிலே ஐந்நூறு மாற்று! சித்தருக்கு அது கைகூடலாம். நம்போன்றோர் கட்டளைக்கல்லைத்தான் நம்ப வேண்டும்.

பட்டறையில் நான் கற்ற முதற் பாடமும் அக்கல்லே. கருநிறமான அச்சிறு கல்லிலே பொன்னை ஒருமுறை உரைத்து, அதனருகே மாற்று அறிந்த ஆணியையும் உரைத்து, இரண்டு கீற்றுகளின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இன்று பொறியொன்று நொடிப்பொழுதில் எண்ணால் சொல்லிவிடுகின்றது. 2021 சூன் முதல் பல மாவட்டங்களில் தங்க நகைக்கு அரசுத் தர முத்திரையும் கட்டாயமாயிற்று. அது வாங்குவோர்க்கு நலமே. எனினும், ஒரு மாத காலம் தினமும் கல்லில் உரைத்துப் பார்த்த பின்னரே எனக்குச் சிவப்போடிய பொன்னும் பசுமையோடிய பொன்னும் வேறு வேறாகக் கண்ணில் பட்டன. முன்னரும் அவை என் கண்முன் இருந்தவைதாம்.

அடுத்தது ஊதுகுழல். உமியோட்டில் தணல் இருக்கும். குழலின் வாயிலே உதட்டை வைத்து, கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே வாயால் விடாமல் ஊத வேண்டும். சொல்வதற்கு எளிது. முதல் வாரம் எனக்குத் தலை சுழன்றதேயன்றிச் சுடர் ஓரிடத்தில் நிற்கவில்லை. பத்தரோ என்னைப் பாராமலே, "வாத்தியாரய்யா, நெருப்பை அடிக்காதீர்கள், அதற்கு வழி காட்டுங்கள்" என்பார்.

பட்டறை ஏன் இருட்டாக இருக்கின்றது என்று நான் வெகுநாள் எண்ணியதுண்டு. சன்னல் வைக்கப் பணமில்லை போலும் என்றுகூட நினைத்தேன், அறியாமை! வெள்ளியானது தட்டத் தட்ட இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் விளிம்பில் கீறிவிடும். ஆகவே அவ்வப்போது தணலில் இட்டுக் காய்ச்சி, மங்கிய செந்நிறம் தோன்றிய கணத்தில் எடுத்து ஆற்ற வேண்டும். அப்பொழுது அது மீண்டும் இளகும். அந்த மங்கிய செந்நிறம் வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளி உருகுவது 961 பாகை வெப்பத்தில். பத்தரிடம் வெப்பமானி இல்லை. நிறமும் நிழலுமே அவருக்கு அளவுகோல்.

கம்பி இழுப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். துளைகள் வரிசையாக இடப்பெற்ற எஃகுத் தகட்டிலே, பெரிய துளையினின்றும் சிறிய துளைக்கு மாற்றி மாற்றி இழுப்பது, கம்பியச்சு என்பர். தோள் வலிக்கும், அவ்வளவே. பற்றவைப்பதுதான் பொறுமையைச் சோதிப்பது. இணைக்க வேண்டிய இரு விளிம்புகளுக்கிடையே வெண்காரத்தையும் எளிதில் உருகும் பொடியையும் வைத்து ஊத வேண்டும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் ஊரில் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான் என்பார் பத்தர். பொடி எப்பொழுதும் சூடு மிகுந்த பக்கமே ஓடும். இரு புறமும் ஒருசேரக் காயாவிடின் ஒரு புறம் பற்றும், மறுபுறம் பற்றாது. நான் செய்த முதல் வளையம் பற்றவுமில்லை; வளையமாக நிற்கவுமில்லை. உருகித் துளியாய்த் தணலில் உருண்டது. துளியை எடுத்து நிறுத்துக் குறித்துக்கொண்டார் பத்தர். கடிந்துரைக்கவில்லை.

நிறுத்துக் குறித்தார் என்றேன். இதனை வள்ளல்களாகிய தாங்கள் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன். நகை செய்யக் கொடுக்கும்போது நாம் அனைவரும் வாதிடுவது சேதாரத்தைப் பற்றியே. பொற்கொல்லன் என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலப்பதிகாரத்தில் வருகின்ற ஒரு வஞ்சகனை நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு காவியத்தில் வந்த ஒருவனுக்காக ஒரு தொழிலே ஐயத்தைச் சுமக்கின்றது. அரத்தின் அடியில் உதிரும் பொடி தோலில் விழும். தோலைத் தட்டிச் சேர்ப்பர். தரையைக் கூட்டிய குப்பையையும் எறியார். கழுவிச் சலித்தெடுப்போர் அதனை விலைக்கு வாங்கிச் செல்வர். அவ்வளவு செய்தும் சிறிது மறைந்தே போகும். ஓராண்டு கூட்டியவன் சொல்கிறேன்.

இனி, இக்கை ஏன் அரிதாயிற்று என்பது. 1894-ஆம் ஆண்டில் இதே காரைக்குடியில் செய்யப்பெற்ற வெள்ளித்தேர் கப்பலேறிப் பினாங்கு சென்றது. தைப்பூசத் திருவிழாவில் இன்றும் அத்தேரிலேதான் தண்டாயுதபாணி தண்ணீர்மலைக்கு எழுந்தருளுகின்றான். கடல் கடந்து தேர் அனுப்பிய ஊரிலே, ஒரு கவசத்திற்கு ஆள் தேட வேண்டியதாயிற்று. காரணம் பல. அவற்றுள் பெரிதொன்று, 1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு. 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்யலாகாது என்றது விதி. 22 காரட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு பொன். 14 காரட்டில் 58 பங்கே. நமது கழுத்துருவை அப்பொன்னில் யார் செய்விப்பார்? பத்தர்களின் உலை அணைந்தது. நாடெங்கும் பல்லாயிரம் குடும்பங்கள் நலிந்தன. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 1966-இல் அவ்விதி தளர்ந்தது. 1968-இல் தனிச் சட்டமே வந்தது. 1990-இல் அதுவும் நீங்கிற்று. ஆனால் அந்த இடைக்காலத்தில் தந்தையர் தம் மக்களிடம், 'இது வேண்டாம். வேறெதுவாயினும் படி' என்று சொல்லிவிட்டனர். என் பத்தரிடம் அவர் தந்தையும் அவ்வாறே சொன்னாராம். அவர் கேட்கவில்லை. அவருடைய தமையன்மார் கேட்டனர்.

எஞ்சியதை அச்சு இயந்திரம் கொண்டது. இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது போதும். ஆயின், அம்பாளின் திருமுகம் அச்சில் வாராது. ஒவ்வொரு மூலவர்க்கும் அளவு வேறு. அர்ச்சகரே உள்ளே சென்று அளவெடுத்துத் தருவார். தகட்டை அரக்கின்மேல் பதித்துப் பின்புறமிருந்து மழுங்கிய உளிகளால் மெல்ல மெல்ல மேடெழுப்பி, அரக்கை இளக்கிப் புரட்டி, முன்புறமிருந்து கண்ணும் இதழும் தீர வேண்டும். அந்த அரக்கு குங்கிலியமும் செங்கற்பொடியும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சியது. மிக இறுகினால் தகடு கிழியும். மிக இளகினால் உரு நில்லாது. மழைக்காலத்தில் ஒரு பதம், சித்திரையில் ஒரு பதம். இதனை நாற்பத்தெட்டு நாளில் முடித்துத் தா என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். அவசரத்திற்கு இணங்கினால் தகடு மெலியும். நகாசு கண்ணில் மட்டும் தெரியும், விரலுக்குத் தட்டுப்படாது. இக்கோயில் திருப்பணிக் குழுவினர் ஓராண்டு அவகாசம் அளித்தனர். பயில்வோன் ஒருவனுக்கான நாட்கூலியையும் செலவுக் கணக்கிலே தனி வரியாக எழுதினர். கோயிற் கணக்கில் அத்தகைய வரியை நான் இதற்கு முன் கண்டதில்லை.

அடியேன் கற்றது எவ்வளவு என்று கேட்பீர்கள். வேண்டுதலுக்குச் செலுத்தும் கண்மலர் ஓர் இணை, அவ்வளவே. பயில்வோர்க்கு அது நல்ல பாடம் என்றார் பத்தர்; சிறு தகடு, குறைந்த வெள்ளி, பிழை மட்டும் உடனே தெரியும். ஒரு கண் எழுதிவிடலாம். அதற்கு இணையான மறு கண்ணை எழுதும்போதுதான் கை தன் தரத்தைக் காட்டிவிடுகின்றது. மூன்று முறை செய்து மூன்று முறை உருக்கினேன். நான்காம் இணையைக் கொப்புடைய நாயகி அம்மன் திருக்கோயிலில் செலுத்தினேன். இடக்கண் சற்றுப் பெரிதாகவே இருந்தது.

நான் இருந்த மணையில் இப்பொழுது பதினெட்டு வயதுள்ள இளைஞன் ஒருவன் அமர்ந்து பயில்கின்றான். எனக்கு ஒரு மாதம் பிடித்த ஊதுகுழல் அவனுக்கு ஒரு வாரத்தில் வசப்பட்டது. கவசத்தின் விளிம்பிலே ஓடுகின்ற கொடிக்கருக்கில், இடப்பக்கம் கீழிருந்து மூன்று இலைகள் அவன் கைவேலை. முதல் இலையின் நரம்பு சற்று ஆழமாக இறங்கியிருக்கும், மூன்றாவது நேராகிவிட்டது. தீபாராதனையின்போது அர்ச்சகர் தட்டை அப்பக்கம் தாழ்த்துங்கால் அன்பர்கள் நோக்கலாம்.