நம் மலையும் நாம் எரிக்கும் எரிபொருளும்

(யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்பது நன்றி கூறும் காலம். பழைய ஏற்பாட்டின் யூபிலி ஆண்டு மனிதருக்கு மட்டும் விடுதலை தந்த ஆண்டு அல்ல. அவ்வாண்டில் விதைக்க வேண்டாம், நிலத்துக்கும் ஓய்வு கொடுங்கள் என்று லேவியர் ஆகமம் கட்டளையிடுகிறது. ஆகவே, நம்மைச் சுமக்கும் இம்மலையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுவது பொருத்தமே. நான் விஞ்ஞானி அல்ல. டீக்கடையில் நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் மூன்று பேச்சுகளை எடுத்துக்கொண்டு, என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் பேச்சு: "காலம் முன்போல இல்லை, சூரியனே சூடாகிப் போச்சு!" காலம் மாறியது மெய். ஆனால் பழியைச் சூரியன் மேல் போடலாமா? இதற்குப் பதில் நம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1899-இல் சென்னையிலிருந்து இங்கே மாற்றப்பட்ட சூரிய ஆராய்ச்சிக் கூடத்தில், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடும், பிறகு குறையும். அதனால் சூரியனின் வெப்பம் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. விடாமல் ஏறிக்கொண்டே போவது வேறொன்று. அதுதான் காற்றிலுள்ள கரியமில வாயு. உலகம் நிலக்கரியையும் எண்ணெயையும் பெருமளவில் எரிக்கத் தொடங்குமுன் அது பத்து லட்சத்தில் 280 பங்கு. இன்று 420-க்கு மேல். உலகத்தின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஒரு டிகிரி பெரிதா என்று கேட்கலாம். குளிரை நம்பி வளரும் வெள்ளைப்பூண்டை நம்பி வாழ்கிறவர்கள் நாம். நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் கொடுத்தது நம் மண்ணும் இந்தக் குளிரும் அல்லவா? குளிர் போனால் பெயர் மட்டும் காகிதத்தில் நிற்கும்.

இரண்டாம் பேச்சு: "விறகு சும்மாதானே கிடைக்கிறது!" சுமந்து வரும் தாய்மாரின் கழுத்தைக் கேளுங்கள், சும்மாவா என்று. மூன்று கல் அடுப்பில் எரிகிற விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் பானைக்குப் போய்ச் சேருகிறது. மற்றதெல்லாம் சுவருக்கும் கூரைக்கும். புகை மட்டும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு எண்ணம், பச்சையாக நிற்பதெல்லாம் காடு என்பது. நம் மலையின் சொத்து, பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும். தோல் பதனிடவும் காகிதக் கூழுக்கும் என்று அரசாங்கமே வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மரங்களைப் புல்வெளியில் நட்டது. பழனி மலையின் உயர்ந்த பகுதியில் 1973 முதல் 2014 வரை புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். புல் போனால் என்ன? நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில் பல ஆண்டு அளந்து பார்த்தார்கள். புல்வெளியில் யூக்கலிப்டஸ் வைத்த பள்ளத்தில் ஓடைநீர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. நம் வடசரிவு ஓடைகளை நம்பி அடிவாரத்தில் அணைகளும் வயல்களும் இருக்கின்றன. அதற்காக வாட்டிலை ஒரேயடியாக வெட்டித் தள்ளினாலும் ஆகாது; மண்ணில் கிடக்கும் விதை முன்னிலும் அடர்த்தியாக முளைக்கும். பொறுமையான வேலை அது. இயேசு சபைக் குருவான கே. எம். மேத்யூ அடிகளார் இம்மலையின் செடிகொடிகளை ஆண்டுக்கணக்கில் தேடி அறிந்து, 1999-இல் பெருநூலாக வெளியிட்டாரே, அத்தகைய பொறுமை நமக்கும் வேண்டும்.

மூன்றாம் பேச்சு: "புகையெல்லாம் டூரிஸ்ட் வண்டியால், நாம் என்ன செய்தோம்?" இதில் பாதி உண்மை உண்டு. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் கட்டினார்கள். மறுபாதி நம்முடையது. வடுகபட்டிச் சந்தைக்கு ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து பாதி மூட்டையோடு மூன்று வண்டி இறங்கினால் அது யார் கணக்கு? ஐம்பது பேர் பஸ்ஸில் போனால் ஓர் எஞ்சின். ஐந்தைந்து பேராகக் காரில் போனால் பத்து எஞ்சின். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது.

மோட்டாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைப்பாதை வருமுன் நோயாளியை டோலியில் தூக்கிக்கொண்டு இறங்கிய காலத்துக்கு யாரும் திரும்ப விரும்பமாட்டோம். எந்த இயந்திரத்தை வரவேற்பது, எதைக் குறைப்பது என்று அளக்க ஒரு படி வேண்டும். அந்தப் படியைத் தந்தவர் நம்மவரே. தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1892-இல் பிறந்து, காந்தியடிகளோடு உழைத்து, கடைசி ஆண்டுகளில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா, இயற்கையின் செல்வத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எடுக்க எடுக்கக் குறைந்து தீர்ந்துபோவது. நிலக்கரி, பெட்ரோல் போன்றவை. மற்றது, ஓடைபோல வந்துகொண்டே இருப்பது. வெயில், காற்று, நீர், ஆண்டுதோறும் தழைக்கும் மரம். தீர்வதைச் சிக்கனமாக்கி, வந்துகொண்டிருப்பதைக் கொண்டு வாழச் செய்யும் கருவி நல்ல கருவி. வந்துகொண்டிருந்த ஓடையையும் வற்றச் செய்வது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நமக்கு நஷ்டமே.

இந்தப் படியால் நம் வீட்டை அளப்போம். 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. பயறு வகைகளை இரவே ஊறவைத்து, மறுநாள் மூடி போட்டோ குக்கரிலோ வேகவைத்தால் விறகும் மிச்சம், கேஸும் மிச்சம். விறகடுப்பு இருக்கட்டும், புகைபோக்கியோடு இருக்கட்டும். சந்தை நாளில் பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசி ஒரே வண்டியில் மூட்டை ஏற்றுவோம். திருவிழாவில் சீரியல் விளக்குகளைத் திருப்பலியும் தேர்ப்பவனியும் முடிந்ததும் அணைத்துவிட்டால் நம் புனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு ஒரு கன்று நடுவதானால் அது சோலை மரக் கன்றாகட்டும். புல்வெளியிலன்று, சோலை ஓரத்தில் நடுவோம்.

இவையெல்லாம் சின்னக் காரியங்கள் என்று தோன்றும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் இத்தகைய சின்னக் காரியங்களையே எடுத்துச் சொன்னார். வசதி இருந்தும் கணப்பைக் குறைத்துக் கனத்த உடை போட்டுக்கொள்வதையும் அவர் பாராட்டினார். கம்பளியும் குல்லாவுமாகவே வளர்ந்த நமக்கு அவர் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மறக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த யூபிலியைக் கொண்டாடப்போகிறவர்கள் இன்று மறைக்கல்வி வகுப்பில் இருக்கும் பிள்ளைகள். அன்றைக்கும் இங்கே பூண்டு விளைய வேண்டும், ஓடை ஓட வேண்டும், தை மாதத்தில் பல் நடுங்கக் குளிர வேண்டும். அதற்கு இறைவன் அருள்வாராக. அதற்காக நாமும் உழைப்போமாக.