சுண்ணாம்பு பூமியில் நீச்சல்குளம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வயல் கிணறுகளில் பிள்ளைகள் சத்தம்தான். முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு குதிப்பார்கள். அந்தத் தண்ணீரில் யாரும் குளோரின் கலப்பதில்லை. நீச்சல்குளத்துக்கு மட்டும் எதற்கு? கண் எரிகிறது, முடி வறண்டுபோகிறது, வேறு வழி கிடையாதா என்று பலரும் கேட்கிறார்கள்.

கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. வெங்காயத்துக்கும் பருத்திக்கும் நீர் பாய்கிறது, ஊற்று சுரந்து புதுத் தண்ணீர் சேர்கிறது. குளிப்பவர்களும் பத்துப் பேருக்குள்தான். அதற்காகக் கிணற்று நீர் சுத்தம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீச்சல்குளத்தில் ஒரே தண்ணீர்தான் மாதக்கணக்கில் வடிகட்டியைச் சுற்றிவருகிறது. குளோரின் அங்கே கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. நீரிலேயே தங்கியிருந்து, அடுத்து இறங்குகிறவர் கொண்டுவரும் கிருமியையும் கவனித்துக்கொள்கிறது. மாற்று என்று எதைச் சொன்னாலும் அது இப்படித் தங்குமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

ஓசோன் குளோரினைவிட வேகமானது, ஆனால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். புறஊதா விளக்கு, குளோரினுக்கு எளிதில் மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியைக்கூட அடக்கும். ஆனாலும் விளக்கைக் கடந்துபோகும் நீரில் மட்டும்தான் அதன் வேலை. இவை இரண்டும் நல்ல துணைகள். குளோரின் அளவைக் குறைக்க உதவும், அடியோடு விலக்க உதவாது. செம்பு, வெள்ளி அயனிகள் தங்கும், ஆனால் மந்தம். புரோமின் நம் வெயிலுக்குத் தாங்காது. "உப்புநீர்க் குளம், குளோரினே இல்லை" என்று விற்பவர்களும் உண்டு. சிரிப்புத்தான் வருகிறது. கரைத்த உப்பில் மின்சாரம் பாய்ச்சி அந்த இயந்திரம் தயாரிப்பதே குளோரின்தான்!

இனி நம் ஊர்க் கதை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தது. காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் இன்றும் கடல் உயிரினப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன. சுண்ணாம்புப் பாறையில் ஊறிய போர்வெல் தண்ணீர் குடத்தில் உப்புப் படிய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குளத்தில் நிரப்பினால் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு மேலே ஏறப் பார்க்கும். பிஎச் 7.5 என்றால் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியத்தோடு இருக்கும். 8 ஆனால் கால்வாசிதான். வேலை நடக்கவில்லையே என்று ஆட்கள் இன்னும் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் கொட்டுவது பிளீச்சிங் பவுடர். அது நீற்றுச் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்தது, அதாவது சுண்ணாம்புத் தண்ணீரில் மேலும் சுண்ணாம்பு! உப்புநீர் இயந்திரத்தின் தகடுகளிலும் இதே சுண்ணாம்பு காரையாகப் படியும்.

எனவே மருந்தை மாற்றுவதற்கு முன் பிஎச்சை 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிறுத்துங்கள். அதற்கு ஆசிட் வேண்டியிருக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக்கூடாது, விஷவாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில் அடுக்குவதும் ஆபத்து.

ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் மருந்தே போடாத குளங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே நாணல் வளர்த்த சரளைப் படுகை, அதன் வழியாக நீர் ஓடிச் சுத்தமாகும். யோசனை அழகானது. ஆனால் அது குளிர்நாடு. 2024இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் பிள்ளைகள் இறந்தது நினைவிருக்கும். வெதுவெதுப்பான நன்னீரில் பெருகி, மூக்கு வழியே ஏறும் கிருமி அது. போதிய குளோரின் இருந்தால் பிழைக்காது. நம் ஊர் வெயிலில், பிள்ளைகள் இறங்கும் குளத்துக்கு நாணல் படுகை மட்டும் போதும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

கண்ணெரிச்சலுக்கும் அந்த நெடிக்கும் முக்கியக் காரணம் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின். அதனால் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள். இறங்குமுன் காலையில் எடுத்த பிஎச், குளோரின் அளவு என்ன என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். அதைக் குறித்துவைத்த நோட்டை எடுத்துக் காட்டினால் இறங்கலாம்.